படம் ஊர் திரும்பும் நாள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா வரும் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்குப் பழகிய செய்தி. 1998-ஆம் ஆண்டு, மறுபக்கம் என்ற அமைப்பின் வழியாக இயக்குநர் ஆர்.பி. அமுதன் தொடங்கிய அந்த விழா கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அதைப் பற்றி இந்தக் கல்லூரியின் திரைப்பட வட்டத்தில் பேச வேண்டும் என்று அழைத்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த படங்களின் சிறப்பை நான் எடுத்துச் சொல்வேன் என்று மாணவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பது வேறு ஒன்றை. இந்த ஊரில் எடுத்த படம் இந்த ஊரிலேயே, அதில் முகம் காட்டியவர்களின் முன்னால் ஓடும்போது என்ன நடக்கிறது, அது நடக்க வேண்டுமானால் ஒரு நகரத்தின் திரைப்பட விழா எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

மதுரை படம் பார்க்கும் ஊர். 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அவ்வளவு பேரைத் திரையின் முன்னால் உட்கார வைத்த ஊர், தன் முகத்தைத் திரையில் எப்படிக் கண்டது என்று எண்ணிப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. கோபுரம், வைகைப் பாலம், சீறிவரும் காளை, முதுகில் செருகிய அரிவாள் என்று நம் முகத்தைக் கோடம்பாக்கம் தீர்மானித்தது; நாம் டிக்கெட் வாங்கிக் கைதட்டினோம். யானைக்கல்லில் மூட்டை தூக்குகிறவரும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவரும், பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளைகளும் அந்தப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாகவே நின்றார்கள்.

ஆவணப்படம் என்ற சொல்லுக்கும் அந்நாளில் நல்ல பெயர் இல்லை. 1948-இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்துத் தந்த செய்திப் படங்களை எல்லாத் தியேட்டர்களிலும் முக்கியப் படத்துக்கு முன்னால் கட்டாயம் போட வேண்டியிருந்தது. வெள்ளமும் அணைக்கட்டுத் திறப்புவிழாவும் ஓடி முடியட்டும் என்று வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். அவற்றுள்ளும் அரிய படங்கள் இருந்தன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஆவணப்படம் என்றால் அரசாங்கம் நமக்குச் சொல்வது, நாம் கேட்டுக்கொள்வது என்ற எண்ணம் பார்வையாளரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதை மாற்றியதில் ஒரு சிறிய கருவிக்கும் பங்குண்டு. பிலிமில் எடுத்தால் சுருளுக்குத் தனிப் பணம், அதைச் சென்னை லேபில் கழுவி எடுக்கத் தனிப் பணம். 1990-களின் நடுவில் வந்த மினி டிவி (Mini DV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ கேமரா இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம் பதியலாம். ஒருவரே தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் படம் எடுத்துத் திரும்பலாம். மதுரை விழா அந்தக் காலத்தில்தான் பிறந்தது. 2003-இல் அமுதன் எடுத்த 'பீ' என்ற ஆவணப்படம் அரைமணி நேரத்துக்கும் குறைவானது. இந்த நகரத்தின் ஒரு தெருவில் மனித மலத்தை அள்ளிச் சுத்தம் செய்யும் ஒரு பெண் துப்புரவுப் பணியாளரின் வேலையைக் கேமரா விலகாமல் பின்தொடர்கிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இலேயே வந்துவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண்ணின் காலைப்பொழுது எப்படி விடிந்தது என்பதைப் படம் காட்டியது. வேறு ஊரில் அதைப் பார்க்கிறவர் இரக்கப்படுவார். மதுரையில் பார்க்கிறவரோ, அது தான் நடந்துபோகிற தெருவாயிற்றே என்று திகைப்பார். அந்தத் திகைப்பை ரோட்டர்டாம், பெர்லின் போன்ற வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் உண்டாக்க முடியாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2006-இல் சிம்மக்கல் பக்கம் தெருவோரத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் ஓர் அக்காவைப் பற்றி நானும் நண்பர்கள் இருவரும் பதினாலு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். நகரில் நடந்த ஒரு திரையிடலில் அதைப் போட்டார்கள். பள்ளிக்கூடக் கூடம், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தும் ஓரங்களில் வெயில் ஒழுகியது. அந்த அக்கா தன் மகளோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியதும் படித்தவர்கள் ஒளியமைப்பைப் பற்றியும் குறியீடுகளைப் பற்றியும் பேசினார்கள். பிறகு அவர் மெல்ல எழுந்தார். "ஏந் தம்பி, நான் கண்ணி போட்டு இழுக்குறதுக்குள்ள படத்தை வெட்டிட்டீகளே? இழுக்காட்டிப் பூ உதிர்ந்துபோகும்ல?" என்றார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஈரமான வாழைநாரில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, நாரைச் சுற்றிக் கண்ணியாக்கி, காம்பு நசுங்காமலும் நழுவாமலும் ஓர் அளவில் இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் அவருடைய முப்பது வருடத் தொழில் இருந்தது. நாங்களோ விரல்கள் அழகாக அசைகிற வரைக்கும் வைத்துக்கொண்டு, அந்த இழுப்புக்கு முன்னால் அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டோம். அப்படி ஒரே இடத்தில் பதினொரு முறை செய்திருந்தோம் என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். எனக்குப் படத்தொகுப்பைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் இன்றும் அவரைத்தான் சொல்வேன்.

ஒரு நகரத்தின் விழா எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரம் சான்று. நிலக்கரியும் இரும்பும் தொழிலாக இருந்த ரூர் பகுதியில் உள்ள ஊர் அது. கலைநகரம் என்று அதை யாரும் சொன்னதில்லை. அங்கே முதியோர் கல்வி நிறுவனம் ஒன்றை நடத்திவந்த ஹில்மர் ஹாஃப்மன் 1954-இல் குறும்பட விழா ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த விழா 'அண்டை வீட்டாரை நோக்கிய வழி' என்று பொருள்படும் வாசகத்தைத் தன் கொள்கையாக ஏற்றது. 1962 பிப்ரவரியில், அலெக்ஸாண்டர் க்ளூகே, எட்கர் ரைட்ஸ் முதலான 26 திரைப்படக் கலைஞர்கள் கையெழுத்திட்டு, பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிவித்தது அந்த விழாவில்தான். புதிய ஜெர்மன் சினிமாவின் வரலாற்றை அந்த அறிக்கையை விட்டுவிட்டு எழுத முடியாது. அவர்கள் அதற்கு முன் எடுத்திருந்தவை பெரும்பாலும் குறும்படங்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் இடம் கிடைத்ததால்தான், தனித்தனியாக முயன்றுகொண்டிருந்தவர்கள் தாங்கள் ஒரு தலைமுறை என்பதைக் கண்டுகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துக்கு வருவோம். மேலூருக்கு அருகே அரிட்டாபட்டிப் பகுதியில் படமாக்கப்பட்ட பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ரோட்டர்டாம் விழாவின் தலையாய விருதான டைகர் விருதைப் பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுதான். கோடை வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கிற அந்தப் பொட்டல் காடு எந்த உலகத் திரைக்கும் குறைந்ததன்று என்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் பொதுமக்கள் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அது ஓடிடியில்தான் வந்தது. இதற்காகப் படக்குழுவைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நட்சத்திரம் இல்லாத படத்துக்குத் தியேட்டர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்ததே. ஊர் விழா வலுவாக இருந்தால், விருது வாங்கிய கையோடு அந்தப் படம் மேலூருக்கு ஒரு சாயங்காலமாவது வந்திருக்கும். அந்தப் பாதையில் தினமும் நடக்கிறவர்கள் வெயிலைப் பற்றி இயக்குநரிடம் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அறிய எனக்கு இன்னும் ஆசைதான்.

உள்ளூர்ப் படங்களை விழாக்களில் நடத்துகிற விதத்தைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்கிறேன். வேறோர் ஊரின் விழாவில் எங்கள் படங்கள் ஐந்தையும் காலை எட்டரை மணிக்குப் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஏழு பேர்; அதில் நால்வர் படம் எடுத்தவர்கள். மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று விளக்கைப் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை ஆறு மணிக்கு, கூலி வேலை முடித்து மக்கள் வரக்கூடிய நேரத்துக்கு, வெளிநாட்டுப் படம் வைக்கப்பட்டிருந்தது. உலகப் படங்கள் வர வேண்டும். அவற்றைப் பார்க்காமல் வளர்கிறவனுக்குத் தன் ஊரின் மேல்கூடப் புதிய கண் திறக்காது. என்றாலும் ஊர்க்காரரின் படத்துக்கு ஊர்க்காரர் வரக்கூடிய நேரத்தைக் கொடுங்கள். படத்தில் வருகிறவர்களுக்கு அழைப்பு அனுப்பி, பஸ் கட்டணத்தைக் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் அவர்கள் பேச அரைமணி நேரம் விடுங்கள். கேடயத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். நம் படங்களில் பாதி, அரங்கில் பேச்சு புரியாமலே தோற்றுப்போகிறது.

கடைசியாக, எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசகவதம்' படத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஆர். நடராஜ முதலியார் எடுத்தார். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அது தீப்பற்றக்கூடிய நைட்ரேட் பிலிமின் காலம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். நேற்று எடுத்த படங்கள் மட்டும் எங்கே இருக்கின்றன? மினி டிவி கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. அவற்றை ஓட்டும் கருவிகள் பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டன. ஹார்டு டிஸ்க்குகள் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூக்கட்டும் அக்கா காலமானார். அம்மா பேசுகிற படம் அது ஒன்றுதான் என்று சொல்லி அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தார். பீரோவிலிருந்து கேசட்டை எடுத்து ஓட்டினேன். முகம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. மீட்க முடிந்தது ஒன்பது நிமிடம். மிச்சத்தில் குரல் மட்டும் இருக்கிறது.

விழாவுக்கு வருகிற ஒவ்வோர் உள்ளூர்ப் படத்தின் நல்ல பிரதியையும், இயக்குநரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, விழாவே வாங்கி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மதுரைப் படங்களுக்கென்று ஓர் அடுக்கு கேட்போம். கேட்டு வருவதற்கு என்னோடு யாராவது துணைக்கு வாருங்கள். அதுவரைக்கும் என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு மினி டிவி பிளேயர் இருக்கிறது, ஹெட்டைச் சுத்தம் செய்யவும் தெரியும். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துக் கேசட் ஏதும் கிடந்தால், மழைக்காலம் முடிவதற்குள் கொண்டுவந்து கொடுங்கள்.