ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் அவர்களே, நெசவாளர் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். ஐயா எனக்குப் பாடம் நடத்தியவர். அவர் தலைமையில் பேசக் கிடைத்ததைப் பாக்கியமாகக் கருதுகிறேன்.

1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய வேலூர் இது. இங்கே முப்பது வருடம் ஈ.சி.ஜி. எடுத்தவன் நான். மூன்று விஷயம் சொல்ல வந்தேன். இதயம் பலவீனமானவர்களில் யாருக்குப் பேஸ்மேக்கர் பலன் தரும், யாருக்கு வேண்டாம், அதை அளந்து சொல்லும் ஈ.சி.ஜி. தாளை எப்படிப் பத்திரப்படுத்துவது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பாலாறு வறண்டாலும் இந்தப் பழமொழி வறளாது.

குடியாத்தத்தில் என் தாய்மாமா கைத்தறி நெய்தவர். ரெண்டு வருடமாக மூச்சிரைப்பு, கால் வீக்கம். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டுக்காரருக்கு நாடித்துடிப்பு குறைந்ததால் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். "அவனுக்கு வெச்சதையே எனக்கும் வெக்கச் சொல்லுடா" என்று மாமா பிடிவாதம். எதிர்வீட்டில் வைத்தது குறைந்துபோன துடிப்பைச் சரிசெய்ய. மாமாவின் கோளாறு வேறு. தறியை வைத்துத்தான் அவருக்குப் புரியவைத்தேன்: "மாமா, மிதியை அழுத்தினா பாவு பிரியும், அந்த நேரத்துல நாடா ஓடணும். மிதி முந்தி நாடா பிந்தினா இழை அறுந்துடும் இல்லையா? உங்க இதயத்துல நடுச்சுவர் முந்திச் சுருங்குது, எதிர்ச்சுவர் பிந்துது. ரத்தம் வெளியே போகாம உள்ளேயே அலையுது." இரண்டு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பும் சி.ஆர்.டி. என்ற பேஸ்மேக்கர் கருவி இருக்கிறது. அதன் ஒரு கம்பி இதயத்தின் ரத்தக்குழாய் வழியாக இடப்பக்கத்துக்குப் போகும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அளந்தார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 28 சதவீதம். 35-ம் அதற்குக் கீழும் வந்தால்தான் இந்தப் பேச்சே. மருந்தைச் சரியான அளவுக்குக் கூட்டி மூன்று மாதம் கொடுத்தார்கள், இரைப்பு குறையவில்லை. ஈ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். அகலம், அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம், 160 மில்லி செகண்ட். கூடவே இதயத்தின் மின்பாதையில் இடது கிளை அடைப்பு. 150-ஐத் தாண்டி இந்த அடைப்பும் இருந்தால் பலனுக்கு வாய்ப்பு அதிகம். அந்தத் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட், அதனால் மாமாவுக்குச் சரியாக நாலு கட்டம்.

பிறகு டாக்டர் கேட்டார்: "பழைய ஈ.சி.ஜி. இருக்கா? இந்த அடைப்பு புதுசா, பழசான்னு பார்க்கணும்." அத்தை பத்திரமாக வைத்திருந்தார், பாவம். ஒன்றை லேமினேஷன் செய்திருந்தார், சூட்டில் முழுக்கக் கறுத்துவிட்டது. இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால் விளக்குச் சூட்டில் இருந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. எடுத்துக்கொடுத்த இடத்தில் யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அது வெப்பத்தால் எழுத்து விழும் தாள். சூடு அதிகம் பட்டால் தாளே கறுக்கும், இளஞ்சூட்டில் நாட்கணக்கில் இருந்தால் எழுத்து மங்கும். வெப்பம்தான் அதற்கு எமன்.

பழைய தாள் இல்லாமலே மாமாவுக்குக் கருவி வைத்தார்கள். அடுத்த வைகாசியில் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் கூடவே நடந்தார்.

யாருக்கு வேண்டாம்? அகலம் 130-க்குக் கீழே இருப்பவர்களுக்கு. 2013-ல் வெளிவந்த எக்கோ சி.ஆர்.டி. ஆய்வில், குறுகிய க்யூ.ஆர்.எஸ். உள்ளவர்களுக்கு இந்தக் கருவியை இயக்கியதில் இறப்பு கூடியது. ஆய்வையே நடுவில் நிறுத்தினார்கள். பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து வைத்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் வருவதில்லை. சொத்தை விற்றாவது வைத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

அளவு தாளில்தான் இருக்கிறது. மருத்துவ அலுவலர் அவர்களை இந்த மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்: நம் சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுத்த கையோடு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதி எழுதி நோயாளி கையில் கொடுக்க உத்தரவிட வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து பஸ் மாறி வருகிறவருக்கு அந்த ஒரு தாள்தான் கையிலிருக்கும் சரித்திரம். அணைக்கட்டிலும் பேரணாம்பட்டிலும் நான் இதையேதான் கேட்டேன், இனியும் கேட்பேன்.

தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். எழுத்து மங்காத தாள் இருந்தால் நாளைக் காலையிலேயே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம்.