எட்டு கோல் முன்னிலைக்கு அப்புறம் எப்படி ஆடறது?

அடுத்த கேள்வி. பதினாலு வயசுக்குட்பட்ட பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சா இருக்கிறவர் அனுப்பியிருக்கார். முதல் பாதியிலயே 8-0ன்னு முன்னிலையாம். "இனிமே கோல் அடிக்காதீங்க, பந்தை உங்களுக்குள்ளயே வச்சுக்கங்க"ன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கார். மேட்ச் முடிஞ்சதும் எதிரணி கோச் சண்டைக்கே வந்துட்டாராம். "நான் இரக்கப்பட்டுதானே செஞ்சேன், இதுல என்ன தப்பு?"ன்னு கேக்கறார்.

எதிரணி கோச் கோவப்பட்டதுல நியாயம் இருக்குங்க. கோல் விழுந்தா, அடுத்த நிமிஷம் நடுக்கோட்டுல பந்து அவங்க காலுக்கு வரும். நீங்க பந்தைச் சுத்த விட்டா அதுவும் வராது. அந்தப் பசங்க அரை மணி நேரம் பந்து பின்னாடியே ஓடணும், வெளியில நிக்கிறவங்க ஒவ்வொரு பாஸுக்கும் கைதட்டுவாங்க. ஒன்பதாவது கோலை விட இதுதான் அவமானம்.

அதனால ஆட்டத்தை நிறுத்தாதீங்க, உங்க பசங்களுக்கு அதைக் கஷ்டமாக்குங்க. முதல்ல கை வைக்க வேண்டியது பிரஸ்ஸிங், அதாவது எதிரணியை அவங்க பக்கத்துலயே நெருக்கிப் பந்தைப் பறிக்கிறது. சின்னப் பசங்க மேட்ச்ல கோல் குவியறது பெரும்பாலும் எதிரணி கோலுக்கு முன்னாடி இருக்கிற பாக்ஸ் பக்கத்துலயே பந்தைப் பறிக்கிறதாலதான். மூணு, நாலு கோல் வித்தியாசம் வந்ததுமே எல்லாரையும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இறக்கிடுங்க. அவங்க கீப்பர் கிட்டேருந்து நிதானமா பந்தைக் கொண்டு வரட்டும். எட்டு வரைக்கும் காத்திருந்தா அப்புறம் என்ன செஞ்சாலும் இரக்கம் காட்டற மாதிரிதான் தெரியும்.

அடுத்து ஆளை மாத்துங்க. பெஞ்சுல இருக்கிறவங்க எல்லாரும் உள்ள போகட்டும். ஸ்ட்ரைக்கர் டிஃபென்ஸுக்கு, டிஃபெண்டர் முன்னாடிக்கு. கீப்பரை ஸ்ட்ரைக்கரா நிறுத்தி சிரிப்பு காட்டற வேலை மட்டும் வேண்டாம்.

அதுக்கும் மேல தேவைப்பட்டா ஒரே ஒரு நிபந்தனை வைங்க. பழக்கமில்லாத கால்ல மட்டும் ஷாட், இல்லன்னா கிராஸ்லேருந்து (ஓரத்துலேருந்து கோல் முன்னாடி அனுப்பற பந்து) மட்டும் கோல். "பத்து பாஸ் போட்டுட்டு அடி"ன்னு சொல்லாதீங்க, அது திரும்பவும் பந்தை ஒளிச்சு வைக்கிறதுலதான் போய் முடியும். நிபந்தனையை இடைவேளையில மெதுவா சொல்லுங்க. கோட்டோரமா நின்னு "அடிக்காதடா!"ன்னு கத்தினா மைதானத்துக்கே கேக்கும். காலி கோல் முன்னாடி நின்னுக்கிட்டு வேணும்னே வெளிய தட்டறதும் கூடாது. டேக்கிளையும் அரைமனசா போடச் சொல்லாதீங்க, தாமதமா வர்ற கால்தான் கணுக்கால்ல படும்.

கோல் வித்தியாசம் கணக்குல வர்ற போட்டின்னா கதை வேற. 2019 பெண்கள் உலகக் கோப்பையில அமெரிக்கா தாய்லாந்தை 13-0ன்னு ஜெயிச்சது. அலெக்ஸ் மோர்கன் மட்டும் அஞ்சு. குரூப்ல புள்ளி சமமானா கோல் வித்தியாசம்தான் பேசும்கிறதால, அடிச்சதுல தப்பே இல்லன்னுதான் நான் சொல்வேன். கடைசி கோல்கள் வரைக்கும் கொண்டாடினாங்களே, விமர்சனம் அதிகமா வந்தது அதுக்குத்தான். உங்க பசங்களுக்கு ஒரு விதி போதும்: நாலாவது கோலுக்கு மேல கைகுலுக்கிட்டு நேரா நடுக்கோட்டுக்குத் திரும்பிடணும்.

இன்னொரு விஷயம், எல்லாப் பழியையும் கோச் தலையில போடறதும் சரியில்ல. 2001ல உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல ஆஸ்திரேலியா, குட்டித் தீவு அணியான அமெரிக்க சமோவாவை 31-0ன்னு தோற்கடிச்சது. பாஸ்போர்ட் பிரச்சினையால அமெரிக்க சமோவா தன் வழக்கமான அணியையே இறக்க முடியல. அதுக்கப்புறம்தான் ஓசியானியாவுல (பசிபிக் தீவு நாடுகள் வட்டாரம்) சின்ன அணிகளுக்குத் தனியா ஒரு முதல் சுற்று வந்தது. போட்டி நடத்தறவங்க நினைச்சா, ஒரு மேட்சுக்கு அஞ்சு கோல் வித்தியாசத்துக்கு மேல கணக்குல எடுக்க மாட்டோம்னு விதி போடலாம். தோக்கற அணி கூடுதலா ஒரு ஆளை இறக்கலாம்னு அனுமதிக்கிற சிறுவர் லீக்கும் இருக்கு. மல்யுத்தத்துல ஃப்ரீஸ்டைல்னா பத்து புள்ளி வித்தியாசம் வந்ததுமே ஆட்டம் முடிஞ்சிடும், அங்க இந்தக் கேள்விக்கே இடமில்ல.

பாஸ்கெட்பால் கோச்சுகளும் இதையே கேட்டிருந்தீங்க. அங்க முதல்ல ஃபுல் கோர்ட் பிரஸ்ஸை (மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கறது) எடுங்க, அப்புறம் ஃபாஸ்ட் பிரேக்கை (பந்து கிடைச்சதும் வேகமா பாஞ்சு அடிக்கறது). ஷாட் கிளாக், அதாவது இத்தனை நொடிக்குள்ள ஷாட் அடிக்கணும்னு ஓடற கடிகாரம் இருந்தா, அது பாதிக்கு மேல ஓடின பிறகு அடிச்சா போதும்.