வெடிப்பது சிலிண்டர் இல்லை

வணக்கம் நேயர்களே. கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருக்கிற ஒருவனைக் கூப்பிட்டு, மைக்கைக் கொடுத்து, அடுப்படிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசு என்றால் அவன் முதலில் பேப்பர்காரர்களோடுதான் சண்டைக்குப் போவான். நானும் அங்கேதான் ஆரம்பிக்கிறேன்.

'சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். அந்தச் செய்தியோடு வருகிற படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுவர் விழுந்திருக்கும், ஜன்னல் கம்பி வளைந்திருக்கும், மேலே கான்கிரீட்டே பிளந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் அந்த இடிபாட்டுக்கு நடுவில் சிவப்பு சிலிண்டர் முழுசாகக் கிடக்கும். பெயின்ட் கொஞ்சம் கருகியிருக்கும், அவ்வளவுதான். அப்படியென்றால் வெடித்தது எது? அந்த அறையில் இருந்த காற்று. கசிந்த கேஸ் காற்றோடு கலந்து, எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்து, அறையே வெடித்திருக்கிறது. சிலிண்டரும் வெடிக்கும், அதை மறுக்கவில்லை. சுற்றிலும் பெரிய தீ பிடித்து ரொம்ப நேரம் அதில் கிடந்து சூடேறினால் வெடிக்கும். ஆனால் அது ரெண்டாவது கட்டம். நாம் பயப்பட வேண்டியது முதல் கட்டத்துக்கு. சிலிண்டரைப் பார்த்துப் பயந்து பயந்து, கடைசியில் அதை ஒரு கப்போர்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோமே, அங்கேதான் வம்பே தொடங்குகிறது.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. புரொப்பேன், பியூட்டேன் என்கிற ரெண்டு வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அந்தத் திரவம் ஒரு லிட்டருக்குச் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் மேலே போகாது. தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி பரவி, மேடைக்குக் கீழே, அலமாரி மூலையில், வாசல்படிக்கு உள்பக்கம் என்று தேங்கும். காற்றில் அது ஏறக்குறைய 2 சதவீதம் கலந்துவிட்டாலே பற்றத் தயார். 9 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் காற்று போதாமல் பற்றாது, ஆனால் அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது, ஏனென்றால் கதவைத் திறந்தால் கலவை மறுபடி அந்தப் பதத்துக்கு இறங்கி வரும். ஒரு கணக்குச் சொல்கிறேன்: எட்டுக்குப் பத்து அடி சமையலறை, பத்தடி உயரம். அது முழுக்கப் பற்றும் பதத்துக்கு வர ஒரு கிலோ கேஸ் போதும். கீழேயே தேங்குவதால் அதற்கும் குறைவாகவே போதும். பெரிய பர்னரின் குமிழ் ராத்திரி அரைகுறையாகத் திறந்து கிடந்தால்கூட விடிவதற்குள் அபாயமான அளவு வந்துவிடும்.

நல்லவேளையாக ஒரு ஏற்பாடு உண்டு. இந்த கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் வருகிறதே, அது எத்தில் மெர்காப்டான் என்று வேண்டுமென்றே கலப்பது. கேஸ் பற்றக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கலவைக்கான விதி. அதாவது நாற்றம் வந்த உடனே வெடிக்கப் போவதில்லை, உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். உள்ளேயே நின்று சமைத்துக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியாமல், வெளியிலிருந்து வருகிற பிள்ளை 'என்னம்மா கேஸ் நாறுது' என்று கேட்கும். அந்தப் பிள்ளை சொன்னால் நம்புங்கள். வயதானவர்களுக்கும், சளி பிடித்தவர்களுக்கும் மோப்பம் குறைவு; தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டில் கேஸ் கசிவைக் காட்டிக் கத்துகிற கருவி ஒன்று வாங்கி வைக்கலாம். அதைக் கீழே, தரைக்குப் பக்கமாக மாட்ட வேண்டும். பல வீட்டில் அழகாக இருக்கட்டும் என்று கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள், அது கத்துகிற நேரத்தில் வேலை கைமீறியிருக்கும். குழாயில் வருகிற கேஸ் இப்போது சில ஊர்களில் வந்துவிட்டது. அது மீத்தேன், காற்றைவிட லேசானது, அதற்கு மட்டும்தான் கருவி மேலே.

சரி, நாற்றம் வந்தது. என்ன செய்வீர்கள்? எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவேன் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சுவிட்சுக்குள் விழுகிற சின்னப் பொறி போதும், வேறெதுவும் வேண்டாம். போடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது, அணைக்கும்போதும் உள்ளே பொறி விழும். எது எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள். பூஜை அலமாரியில் விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் உடனே அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், அடுப்புக் குமிழ்களை மூடுங்கள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள், வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, மாடிப்படிக்குக் கீழே இருந்தால் அங்கே போய் அணைக்கலாம். ஹாலுக்குள்ளேயே இருந்தால் தொடாதீர்கள். போனை வெளியே, தள்ளி நின்று எடுத்து 1906 அடியுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், இந்தியா முழுக்க ஒன்றுதான், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

இதில் ஒருவரும் யோசிக்காத ஒரு ஆள் இருக்கிறது: ஃபிரிட்ஜ். அதன் கம்ப்ரஸர் தானாக ஓடும், தானாக நிற்கும், ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு பொறிக்கு வாய்ப்பு இருக்கிறது. பழைய வீடுகளில் அடுப்படிக்கு மேலே புகைபோக்கி, பின்கட்டுக் கதவு, ஓட்டுச் சந்து என்று காற்று போக நாலு வழி இருந்தது. இப்போது தில்லைநகர்ப் பக்கம் ஃப்ளாட்டுகளுக்குப் போனால், கொசு வருகிறது என்று வலை, தூசு வருகிறது என்று கண்ணாடி, ஏசி வீணாகிறது என்று அடைப்பு. அந்த அடைத்த அறைக்குள்ளேயே ஃபிரிட்ஜும், மேடைக்குக் கீழே மாடுலர் கிச்சன் கதவுக்குள் சிலிண்டரும் இருக்கும். கார்ப்பென்டரிடம் சொல்லி அந்தக் கதவின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, காற்று போக ஓட்டைகள் வெட்டிவிடச் சொல்லுங்கள். டிசைன் கெட்டுப்போகும் என்பார். கெடட்டும்.

அடுத்தது, எங்கேதான் கசிகிறது? டியூப்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டியூப்பும்தான். ஆரஞ்சு நிறத்தில் உள்ளே கம்பி வலை வைத்த ஐ.எஸ்.ஐ டியூப்புக்கு ஆயுள் 5 வருடம், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். எலி கடித்தாலும், கிரானைட்டில் போட்ட துளையின் விளிம்பில் உரசினாலும் அதற்கு முன்பே போய்விடும். டியூப் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும், நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், ரெண்டு துண்டை ஒட்டுப் போட்டு நீட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஆனால் ஏஜென்சிக்கு வருகிற புகார்களில் நான் அதிகம் பார்ப்பது சிலிண்டர் மாற்றுகிற நேரத்துக் கசிவு. வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, வாஷர் என்று சொல்வோம். அது இல்லாவிட்டாலும் வெட்டுப்பட்டிருந்தாலும் ரெகுலேட்டரை மாட்டியதும் சர்ரென்று வரும். பயப்படாதீர்கள், ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, வெள்ளைக் கயிறு கட்டிய அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப வால்வில் அழுத்தி மாட்டுங்கள், நின்றுவிடும். அந்த மூடியைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் அதிகம். அது சிலிண்டரோடேயே தொங்க வேண்டிய பொருள்.

மாற்றும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. நம் வீடுகளில் பூஜை அலமாரி அடுப்படியிலேயே இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு, பொங்கல் வைக்கிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோய், விளக்கு எரியும்போதே அவசரமாகச் சிலிண்டரை மாற்றுகிறார்கள். முதலில் விளக்கை மலையேற்றிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. மாற்றிய பிறகு சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், நுரை குமிழியிட்டால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன சொல்ல.

சிலிண்டர் தலையில் வளையத்தைத் தாங்குகிற மூன்று தகடுகள் இருக்கும், அதில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர்; பக்கத்து எண் வருடம். அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான கெடு அது. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தீரப்போகிற சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டுவது, வெந்நீரில் நிறுத்துவது, இதையெல்லாம் ஒரு நாள் சமையலுக்காகச் செய்கிறார்கள். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கும். உள்ளே இருக்கிற அதிக அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு மெதுவாக அனுப்பத்தான் ரெகுலேட்டர் இருக்கிறது. திரவம் வந்தால் அதனால் சமாளிக்க முடியாது, அடுப்பில் தீ ஆளுயரம் எழும். மேடையில் அடுப்பு, தரையில் நிமிர்ந்து நிற்கிற சிலிண்டர், இந்த ரெண்டில் எதையும் மாற்ற வேண்டாம். அடுப்பையும் சிலிண்டரையும் ஒரே தரையில் வைத்துச் சமைப்பதும் ஆபத்துதான், கசிகிற கேஸும் தீயும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

பர்னரைப் பற்றி ரெண்டு வார்த்தை. தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை, பர்னர் துளையில் பால் காய்ந்து அடைத்திருக்கும், இல்லாவிட்டால் உள்குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும். அப்படி எரிகிற தீயிலிருந்து வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வரும். சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பால் பொங்கித் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் பாலை வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போகாதீர்கள். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்துகிற அடுப்புகள் இப்போது கிடைக்கின்றன, புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கலாம்.

ஓவன் வைத்திருக்கிறவர்கள் இப்போது நிறைய. அடுப்போடு சேர்ந்த கேஸ் ஓவன் என்றால், முதலில் கதவைத் திறந்துவைத்து, அப்புறம் பற்றவைக்கிற வேலை. கதவை மூடிக் குமிழைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடினால், திறக்கும்போது முகத்தில் அடிக்கும். அப்புறம், கேக் செய்கிற ஆர்வம் ரெண்டு மாதத்தில் தீர்ந்ததும் ஓவன் தோசைக்கல்லும் பிளாஸ்டிக் டப்பாவும் வைக்கிற அலமாரியாகிவிடும். பிறகு ஒரு பிறந்தநாளுக்கு உள்ளே பார்க்காமலே சூடேற்றுவார்கள். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் ஒரு வாரத்துக்குப் போகாது. மின்சார ஓவன் என்றால் 16 ஆம்பியர் பாயிண்டில் நேராக மாட்டுங்கள், மிக்ஸிக்கும் அதற்கும் சேர்த்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், பின்பக்கம் சுவரை ஒட்டித் தள்ளவும் வேண்டாம். கண்ணாடி மேல்பக்க அடுப்பில் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள், கண்ணாடி சில்லுச்சில்லாக நொறுங்கலாம்.

வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கிற எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கிச் சட்டென்று ஆவியாகும், எரிகிற எண்ணெயைத் தூக்கிக்கொண்டு கூரை வரைக்கும் போகும். அடுப்பை அணையுங்கள், பெரிய மூடியோ தாம்பாளமோ போட்டு மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவும் வேண்டாம். நைலான் நைட்டி, பாலியஸ்டர் துப்பட்டா எல்லாம் பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அடுப்படிக்குப் பருத்திதான் சரி. உடையில் தீ பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும்.

கையைச் சுட்டுக்கொண்டால் பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு, காப்பித்தூள் என்று வீட்டுக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம். எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள், வளையல் மோதிரத்தை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிய காயம் என்றால் 108.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கிற காப்பீடு இருக்கிறது, நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்று வைத்திருக்கிறார்கள். கனெக்‌ஷன் எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கே நடந்ததா என்று பார்ப்பார்கள். டியூப், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாம் ஐ.எஸ்.ஐ தானா, தேதி தாண்டாததா என்றும் பார்ப்பார்கள். வீடு மாறிவிட்டு முகவரியை மாற்றாமல் இருக்கிறவர்கள் நாளைக்கே ஏஜென்சியில் எழுதிக் கொடுங்கள். டியூப் வாங்கிய பில்லை கேஸ் புத்தகத்துக்குள்ளேயே சொருகி வையுங்கள். நன்றி, வணக்கம்.