பெயர் பொறிக்காத புத்தகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தாத்தா சென்னைக்கு வடக்கே ஒரு சிற்றூரில் தறி நெய்தவர். கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிதான் அவர் தொழில். சட்டைப்பையில் மடித்து வைக்கும் கைக்குட்டையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கெஜம் சதுரம். இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம், தலையில் கட்டிக்கொள்ளலாம். ஊரில் யாரும் அதை உடுத்தியதில்லை. எல்லாம் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அங்கே யார் உடுத்துகிறார்கள் என்று தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது.

லண்டன் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் கலைஞர் யின்கா ஷோனிபாரே அமைத்த ‘பிரிட்டிஷ் லைப்ரரி’ என்ற கலைப்படைப்பின் முன் நின்றபோது எனக்கு அந்தத் தறிச் சத்தம்தான் கேட்டது. அலமாரி அலமாரியாக 6,328 புத்தகங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பளிச்சென்ற ஆப்பிரிக்கத் துணி. பலவற்றின் முதுகில் பொன்னெழுத்தில் ஒரு பெயர். ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன், நடிகை ஹெலன் மிரன், கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் எனப் போகிறது வரிசை. தாங்களோ தங்கள் பெற்றோரோ வேறு நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்தவர்கள் இவர்கள். வந்தவர்களை எதிர்த்துப் பேசியவர்களின் பெயர்களும் அதே துணியை உடுத்திக்கொண்டு அதே அலமாரியில் இருக்கின்றன. அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது.

துணியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஆப்பிரிக்கத் துணி என்றேன் அல்லவா? அதன் பிறப்பு வேறு. மெழுகு தடவிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக் துணியைப் பார்த்து, 19-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சிட்டது. மெழுகு போன்ற பூச்சு வெடித்து, சாயம் உள்ளே கசிந்து, நரம்புபோல மெல்லிய கோடுகள் விழுந்தன. ஜாவாவில் அந்தச் சரக்கு எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களோ அதை வாரி எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். லண்டனில் பிறந்து, நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்து, மீண்டும் லண்டனுக்கு வந்த ஷோனிபாரே அதையே பிரிட்டனின் புத்தகங்களுக்குப் போர்த்தியிருக்கிறார்.

இந்தப் படைப்பு முதலில் வைக்கப்பட்ட இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2014-இல் பிரைட்டன் நகர அருங்காட்சியகத்தின் பழைய குறிப்புதவி நூலகம். புத்தகங்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்ட அறை அது. இளவரசரின் குதிரை லாயங்களுக்காக இந்தியக் கட்டடப் பாணியில் எழுப்பப்பட்ட வளாகத்தில் இருக்கிறது. அங்கே, பக்கத்திலிருக்கும் ராயல் பெவிலியன் அரண்மனையிலும் லாயத்தின் பெரிய குவிமாடத்தின் கீழும், அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1914-இல், இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை திறந்தார்கள். பிரான்சின் போர்க்களத்தில் குண்டடி பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், தனித்தனிச் சமையற்கட்டுகள். அந்த ஊர் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டினார்கள். இன்று அங்கே வெள்ளைப் பளிங்கில் ‘சத்ரி’ என்ற நினைவுமண்டபம் நிற்கிறது. அப்படிப்பட்ட வளாகத்தில் வைத்துப் ‘பிரிட்டனை ஆக்கியவர் யார்’ என்று கேட்டால் சுவர்களும் கேட்கும்.

இனி என் தாத்தாவின் கைக்குட்டைக்கு வருகிறேன். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். பிள்ளைப்பேற்றிலும் இறப்புச் சடங்குகளிலும் அதற்கு இடமுண்டு. அசல் துணியா என்று மோந்து பார்த்தே கண்டுபிடிப்பார்களாம். கலபாரிப் பெண்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, சிறு கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் சல்லடைபோல ஒரு புதுக் கோலம் தெரியும். நம் ஊரில் நெய்த துணி, இழை குறைந்து, அவர்களுடைய துணியாகிவிடுகிறது. இதை நான் அறிந்தபோது தாத்தா உயிரோடு இல்லை. சொல்லியிருந்தால் இழையை ஏன் அறுக்கிறார்கள் என்று முதலில் பதறியிருப்பார். பிறகு அந்தக் கோலத்தை எடுத்துவந்து காட்டச் சொல்லியிருப்பார்.

டேட் மாடர்னில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை பெயரில்லாத புத்தகங்கள். துணி சுற்றியாயிற்று, முதுகு வெறுமையாக இருக்கிறது. அப்படிப் பல. தாத்தா நெய்த துணியில் ஏற்றுமதிக்காரரின் முத்திரை இருக்கும். நெய்தவர் பெயர் இருந்ததில்லை. காவலர் அந்தப் பக்கம் திரும்பியதும், அந்த வெற்று முதுகு ஒன்றுக்கு எதிரே நின்று, அவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

வணக்கம்.