காலியான இடமும் மூன்று பெயர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரெட்மண்ட் என்றதும் மைக்ரோசாஃப்ட்தான் நினைவுக்கு வரும். நான் குடியிருக்கும் ஊர் அது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. என் வீடு இருப்பது 48-ஆம் சட்டமன்றத் தொகுதியில். எங்கள் நகர மன்ற உறுப்பினர் ஒஸ்மான் சலாஹுதீன் 2025 ஜனவரியில் மாநிலக் கீழவைக்குப் போனார். அதற்காக நாங்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. அது நியமனம்.

எங்கள் மாநில மேலவை உறுப்பினர் (செனட்டர்) குடரர், 2024 தேர்தலில் மாநிலக் காப்பீட்டு ஆணையராக வென்றார். அவர் விட்ட இடத்துக்குக் கீழவையிலிருந்து வந்தனா ஸ்லேட்டர் போனார். ஸ்லேட்டர் விட்ட இடத்துக்குத்தான் சலாஹுதீன். இந்த ஸ்லேட்டரும் 2017-இல் பக்கத்து ஊரான பெல்வியூ நகர மன்றத்திலிருந்து இதே வழியில் கீழவைக்குள் வந்தவர்தான்.

இந்தியாவில் என்றால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும். இங்கே ஒற்றைப்படை ஆண்டில் சட்டமன்றம் ஜனவரியில் கூடும், வழக்கமான கூட்டத்தொடர் 105 நாளில் முடிந்துவிடும். இரண்டு ஆண்டுக்கான பட்ஜெட்டும் அந்தக் கூட்டத்தொடரில்தான் வரும். தேர்தலுக்குக் காத்திருந்தால் எங்கள் தொகுதிக்குப் பேச ஆளிருக்காது. அதனால் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். நியமனமும் அடுத்த பொதுத் தேர்தல் வரைதான். 2025 நவம்பரில் இருவரும் வாக்காளர்களிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் பெயரை முதலில் எழுதுவது யார்? இடத்தை விட்டவரின் கட்சி மூன்று பெயர்களைக் கொடுக்கும். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மன்றம் 60 நாளுக்குள் மூவரில் ஒருவரை நியமிக்கும். அந்த மூவரையும் வரிசைப்படுத்துபவர்கள் கட்சியின் பிரிசிங்ட் அலுவலர்கள். நம்மூர் வட்டச் செயலாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், சில நூறு வாக்காளர்கள் உள்ள ஒரு சிறு பகுதி அவரைத் தேர்ந்தெடுக்கிறது.

அவர்கள் கூடி ஓட்டுப் போடும் ஒரு கூட்டத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை, மடக்கு நாற்காலிகள். ஒரு பெரியவர் நாலாக மடித்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "வீட்டு வாடகை ஏறுவதற்கு என்ன செய்வீர்கள்?" பதிலைக் குறித்துக்கொண்டார். பிறகு ஓட்டுப் போட்டார். லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தொகுதிக்கு அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்கள் அந்த ஓர் அறைக்குள் அடங்கிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஓட்டே இல்லை. எங்கள் பகுதியின் பிரிசிங்ட் அலுவலர் பொறுப்பு காலியாகக் கிடந்தது.

இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். குடியுரிமை வாங்கியிருக்கிறோம். இப்படி ஒரு பொறுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரட்டைப்படை ஆண்டில் மே மாதம் மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

அடுத்த முறை மே மாதம் வந்தபோது என் மனைவி மனு கொடுத்தாள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் பெயர்கூட வராமலேயே தேர்வாகிவிட்டாள். இனி இங்கே ஓர் இடம் காலியானால், அந்த மடக்கு நாற்காலிகளில் ஒன்று அவளுக்கு.