டயப்பர் ஜெல்லைத் தொட்டியில் கொட்டச் சொல்லும் ரீல்ஸ் பற்றி

வணக்கம் மக்களே. இன்றைக்குச் செடி காட்டப்போவதில்லை. ஒரே ரீல்ஸை ஆளாளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். புது டயப்பரைக் கிழித்து, உள்ளே இருக்கும் தூளை மண்ணில் கலந்தால் அக்னி நட்சத்திரத்திலும் செடி வாடாதாம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தூள் சோடியம் பாலிஅக்ரிலேட். உப்பே இல்லாத நீரில் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். சிறுநீரில் உப்பு இருப்பதால் 30 முதல் 50 மடங்குதான். நம் ஊர் போர் தண்ணீரில்? இதைச் செய்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு டயப்பர் வாங்கினேன். 12 ரூபாய்! அதிலிருந்து வந்த தூள் ஒரு கைப்பிடிகூட இல்லை, மீதியெல்லாம் பஞ்சும் பிளாஸ்டிக்கும். ஒரு தொட்டிக்கே காணாது. அதே காசுக்குத் தேங்காய் நார்த்தூள் எவ்வளவு வரும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

தூளை இரண்டு கிண்ணத்தில் பிரித்துப் போட்டேன். உப்பு குறைந்த கேன் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வழிய வழிய உப்பியது. போர் தண்ணீர்க் கிண்ணத்தில் பாதிகூட எழவில்லை! நான் நினைத்தது அப்படியே நடந்தது, அவ்வளவு சந்தோஷம். சென்னையில் எங்கள் வேளச்சேரித் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் என்று பழைய வீடியோவில் காட்டினேனே, அந்தக் கால்சியம்தான் ஜெல்லை விரியவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. பதிலுக்கு ஜெல்லில் இருக்கும் சோடியம் மண்ணில் இறங்கும். தொட்டியில் உப்பு ஏறினால் செடி என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, முக்கியமான விஷயம். இது இலை தழை மாதிரி மட்காது. கார்பனோடு கார்பன் கோத்த நீளச் சங்கிலிகள், நடுவே குறுக்குக் கண்ணிகள். பாக்டீரியாவால் எளிதில் கடிக்க முடியாது. மரத்தை அரிக்கும் ஒருவகைப் பூஞ்சை மெதுவாக உடைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நம் தொட்டியிலோ குப்பைமேட்டிலோ அதை நம்பி உட்கார முடியாது. பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது, மறக்காதீர்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். உப்பு போட்டால் ஜெல் கரைந்துவிடும் என்றும் அந்த ரீல்ஸில் வருகிறது. கரையாது! தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்குகிறது, அவ்வளவுதான். அந்த நீளச் சங்கிலிகள் அங்கேயேதான் இருக்கும். அதைச் சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நான் இரண்டு கிண்ணத்தையும் வடிகட்டி, காயவைத்து, பேப்பரில் மடித்து, தனியாகக் கட்டிக் குப்பை எடுப்பவரிடம் கொடுத்தேன்.

வீட்டில் குழந்தை இருந்தால், பயன்படுத்திய டயப்பரையும் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். மட்கும் குப்பையில் போட்டால் உரத்தோடு ஜெல்லும் கலந்து வரும். இன்னொன்று, 2016 திடக்கழிவு விதிகளிலேயே, அப்புறப்படுத்த உறை தரும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருந்தார்கள். நான் வாங்கியதில் உறையைக் காணோம். உங்களுக்கு எந்தப் பாக்கெட்டிலாவது வந்திருந்தால் கமென்டில் போட்டோ போடுங்கள், கட்டாயம் பார்க்க வேண்டும்.