உள்ளுணர்வு உண்மைக்கு நம்பகமான வழிகாட்டியா? 'இல்லை' அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பூமத்திய ரேகையை ஒட்டி, பூமியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர். அதில் ஒரே ஒரு மீட்டர் கூட்டி, எல்லாப் பக்கமும் சமமாகத் தூக்கினால் தரைக்கும் கயிற்றுக்கும் இடைவெளி எவ்வளவு வரும்? முன்வரிசையில் ஒருவர் உதட்டைப் பிதுக்குகிறார்; ஒரு தாள்கூட நுழையாது என்று அவர் மனம் தீர்ப்பே எழுதிவிட்டது. ஐயா, சுமார் 16 சென்டிமீட்டர் வரும். பூனை குனிந்து போய்விடும்! பூமியை விடுங்கள், ஒரு கால்பந்தைச் சுற்றிய கயிற்றில் ஒரு மீட்டர் கூட்டினாலும் அதே 16தான். கூட்டிய நீளத்தை 6.28ஆல், அதாவது 'பை'யின் இருமடங்கால், வகுத்தால் ஆரம் எவ்வளவு கூடும் என்று கிடைத்துவிடும். உருண்டை பெரிதா சிறிதா என்ற பேச்சே அங்கு இல்லை. பள்ளிக்கூடக் கணக்குதான். பலமுறை போட்டுப் பார்த்த எனக்கே இன்னும் மனசு ஒப்பவில்லை.

எதிரணித் தலைவர் ராமானுஜனைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிரூபணம் இல்லாமலே அவருக்குச் சூத்திரங்கள் தோன்றின, அவை உண்மையாகவும் இருந்தன என்றார். சரி. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஹார்டியே மலைத்துப்போன சூத்திரங்கள் இருந்தன. அதே கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தவறாகவும் போனது. ஒரே மூளை, ஒரே கடிதம், அதே உறுதி. தவறானதை எழுதும்போது மட்டும் உள்ளே வேறு மாதிரி மணி அடித்ததா? அடித்திருந்தால் அதை எழுதியே இருக்கமாட்டாரே! ஹார்டி பதிலுக்குக் கேட்டதும் நிரூபணத்தைத்தான்.

அப்புறம் அவர்களுடைய இரண்டாவது பேச்சாளர், 'முழுமை பகுதியைவிடப் பெரியது என்பதை யார் நிரூபித்தார்கள், உள்ளுணர்வுதானே சொன்னது' என்று கேட்டார். நல்ல கேள்வி, பண்டைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட்டே அதை நிரூபிக்காமல்தான் எழுதிவைத்தார். ஆனால் 1, 2, 3 என்று போகும் எண்களுக்கு எதிரே 2, 4, 6 என்று இரட்டை எண்களை நிறுத்திப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரும். இந்தப் பக்கமும் மிச்சமில்லை, அந்தப் பக்கமும் மிச்சமில்லை. பகுதி முழுமைக்குச் சமமாக நிற்கிறது! 19ஆம் நூற்றாண்டில் காண்டோர் என்ற கணித அறிஞர் இந்த ஜோடி சேர்ப்பை வைத்துத்தான் முடிவிலிகளையே அளந்தார்.

உள்ளுணர்வு யோசனை சொல்லட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? சாட்சியும் அதுவே, நீதிபதியும் அதுவே என்பதைத்தான் எங்கள் அணி மறுக்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்து வருபவர் அந்த 16 சென்டிமீட்டரை மறுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். கணக்குப் போடாமல்.